மூன்றாவது டாங்கோ

1984 ஜூன் 9, சனி

தொண்டை பரவாயில்லை. கொசுதான் உயிரை வாங்குகிறது. ஏரிக்கரை நடனக் கொட்டகையில் இன்று பாடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நேராக வாய்க்குள் போய்விட்டது. அதையும் விழுங்கிவிட்டு, பிரிவுத் துயரத்தை நீட்டி முழக்கி முடித்தேன். ஆடுகிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அக்கார்டியன் வாசிக்கும் வில்யோவுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அடுத்த பாட்டு முழுக்கத் தோள் குலுங்க வாசித்தார், பாவி மனிதர்.

என்சியோ அண்ணன் வழக்கம்போல் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார்; வழக்கம்போல் ஆண்கள் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். எதிர்ச் சுவரோரம் பெண்கள் வரிசையில் ஹெல்வி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சமைக்கிறாள், கணவர் இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. அண்ணன் தரையைக் குறுக்காகக் கடந்து போய், தலைகுனிந்து, அவளை அழைத்தார். ஒரு அழைப்புக்கு இரண்டு பாட்டு என்பது கொட்டகை வழக்கம்; இரண்டும் ஆடினார். இரண்டாவது முடிந்ததும் எங்கிருந்து அழைத்தாரோ அங்கேயே கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லி, சுவருக்குத் திரும்பிவிட்டார். போன கோடையிலிருந்து சனிக்கிழமைதோறும் இதேதான் நடக்கிறது. நாற்பத்தெட்டு வயது ஆகிறது இவருக்கு.

திரும்பும் வழியில் கேட்டேன்.

"இன்னிக்கு அவகிட்ட என்ன பேசினே?"

ரொம்ப தூரம் போனபிறகு பதில் வந்தது. "தரை நல்லாயிருக்குன்னேன்."

"அதுக்கு அவ?"

"ஆமான்னாங்க."

கடவுளே, எனக்குப் பொறுமை கொடு.

ஜூன் 10, ஞாயிறு

சவுனாவில் நீராவிக் குளியல் முடித்துச் சிவந்த முகத்தோடு வந்து படியில் உட்கார்ந்த அண்ணன், நான் எதுவும் கேட்காமலே பேசினார். "முதல் பாட்டுல கால் படியணும், ஐலா. ரெண்டாவதுல வார்த்தை தேடணும். கிடைக்கறப்ப நீ பாட்டை முடிச்சுடறே."

அப்படியானால் குற்றம் என் மேல்!

ஜூன் 16, சனி

மழை. கூரை ஒழுகி, மேளக்காரன் தலையில் சொட்டியது. கூட்டம் குறைவு. அண்ணன் ஹெல்வியுடன் ஆடினார். "மழை பெய்யுது" என்று சொன்னாராம். முன்னேற்றம்தான்.

ஜூன் 23, சனி

நேற்று நடுக்கோடை விழா. ஏரிக்கரையில் பெரிய நெருப்பு மூட்டி, ஊரே குடித்துக் களித்தது. நான் பாடிப் பாடித் தொண்டை கட்டி, இன்று காலை வாத்து மாதிரி கத்துகிறேன்.

எழுத வந்தது அதுவல்ல. நேற்று இடைவேளையில் பெண்கள் அறையில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கண்ணாடியில் ஹெல்வி. தலைமுடியைச் சரிசெய்தபடி, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்: "மக ஸ்வீடனுக்கு வந்துடுன்னு கூப்பிடறா. அவ வேலை செய்யற இடத்துலயே சமையல் வேலை இருக்காம். ஆகஸ்ட் கடைசில போகலாம்னு இருக்கேன்."

"போகலாம்னு இருக்கியா, போறதுன்னு முடிவாயிடுச்சா?"

கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, "இங்க இருன்னு சொல்ல யாரு இருக்கா?" என்றாள்.

 மேடையில் பாட்டுக்குப் பாட்டு 'போகாதே, போகாதே' என்று உருகுகிறவள் நான். அதைச் சொல்லவேண்டியவர் வெளியே சூடான தொத்திறைச்சி வாங்க வரிசையில் நிற்கிறார்.

காலையில் காபி ஊற்றும்போது அண்ணனிடம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "ஸ்வீடன்ல சம்பளம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். எழுந்து மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். கோப்பை நிறையக் காபி அப்படியே இருந்தது. அண்ணன் காபியை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 26

ஆகஸ்ட் 25-ஆம் தேதி கொட்டகையில் இந்தக் கோடையின் கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அவள் கப்பல் ஏறிவிடுவாள்.

இவருக்கு வேண்டியது என்ன? ஒரே ஒரு பாட்டு அதிகம். அவ்வளவுதானே? பாடுவது யார்? நான்தானே?

ஜூலை 4, புதன்

ஒத்திகையில் வில்யோவிடம் விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை ஒரே ஒரு தடவை, நிறுத்தாமல் மூன்று டாங்கோப் பாட்டு.

அக்கார்டியனை மூடிவிட்டார். "ரெண்டுன்னா ரெண்டுதான்."

"ஒரு தடவை வில்யோ. குடி முழுகிடாது."

"ஐலா, ஜனங்க உன் குரலுக்காக மட்டும் வர்றதா நினைச்சுக்காதே. பிடிக்காதவன் கையில மாட்டினாலும் ரெண்டு பாட்டுல தப்பிச்சுடலாம்னுதான் பொம்பளைங்க தைரியமா வந்து நிக்கறாங்க."

"என் அண்ணன் பிடிக்காதவரா?"

"உன் அண்ணனோட சேர்ந்து நாப்பது ஜோடி ஆடுது. அவங்கள்ல பாதிப் பேரு உன் பாட்டு எப்ப முடியும்னு காத்துக்கிட்டிருப்பாங்க."

பேச்சில் இவரை வெல்ல முடியாது. ஆனால் மைக் என் கையில்.

ஜூலை 7, சனி

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது டாங்கோ முடிந்தது. அண்ணனும் ஹெல்வியும் தரைக்கு நடுவில். மூச்சுகூட விடாமல் மூன்றாவதை ஆரம்பித்தேன். வில்யோ வாசிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மேளக்காரன் பயந்து போய் என் பாட்டுக்குப் பின்னாலேயே தாளம் போட்டான். தரையில் ஒரே குழப்பம். பாதி தூரம் கொண்டுபோய் விட்ட பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் ஆண்கள் முழித்தார்கள். தபால்காரர் மனைவியை ஒரு குடிகாரன் விடவே இல்லை. மறுபடி இழுத்துக்கொண்டு சுற்றினான். அவள் மேடையைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்கவேண்டும்.

என் அண்ணன்?

என் அண்ணன், நான் மூன்றாவது டாங்கோவின் உச்சத்தில் இருக்கும்போது, ஹெல்வியின் முழங்கையைப் பதமாகப் பிடித்து, இடித்துக்கொள்ளும் அத்தனை ஜோடிகளுக்கும் நடுவே வழி செய்து, அவளை அவளுடைய இடத்தில் கொண்டுபோய் விட்டார். தலைகுனிந்தார். நன்றி சொன்னார். சுவரில் சாய்ந்துகொண்டார்.

அந்தக் கொட்டகையிலேயே ஒழுங்காகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். பாட்டு நடுவே மைக்கை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்றிருந்தது.

ஜூலை 8, ஞாயிறு

காரில் வாய் திறக்கவில்லை. காலையில்தான் வெடித்தேன். புது உருளைக்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தார். கத்தியைப் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

"அந்தப் பாட்டை யாருக்காகப் பாடினேன் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டுபோய் விட்டே? மரமா நீ? அவ ஸ்வீடன் போயிட்டா சுவத்துக்கிட்டயா பேசப்போறே?"

அண்ணன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

"ரெண்டு பாட்டுக்குத்தான் அவங்க சரின்னாங்க, ஐலா. மூணாவதுக்கு நான் கேக்கலையே."

"பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, என்ன கேக்கறது?"

"கேக்காம எப்படிப் பிடிச்சு வெச்சுக்கறது?"

 கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நானும் ஒன்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவைக்கு அதிகமாகவே கிழங்கு சுரண்டினோம்.

நான் ஒரு கல்யாணம் செய்து, அதை முடித்தும் வைத்தவள். என்னைக் கட்டியவன் எதையாவது கேட்டுச் செய்திருப்பானா? ஒன்றைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. இப்படி ஒரு மனிதர் சுவரோரம் நிற்கிறார் என்று ஹெல்விக்குத் தெரியுமா? யாராவது சொல்லவேண்டாமா?

ஜூலை 14

வில்யோ, "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்த ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்து மேடையில் வைத்திருந்தார். அது இன்னும் மோசம்.

ஜூலை 19, வியாழன்

வைக்கோல் வேலை. முதுகு போயிற்று.

தொழுவத்துக்குப் பால் வாளி கொண்டுபோனேன். உள்ளே பேச்சுக் குரல். அண்ணன் செவலை மாட்டின் கழுத்தைத் தேய்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்: "நீங்க போகவேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா நீங்க போயிட்டா…" அங்கே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. "நீங்க போகவேண்டாம்னு சொல்ல…" மறுபடி அதே இடத்தில் நின்றது. மாடு அசைபோட்டபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். வாளியைக் கிணற்றடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். என்னமோ. அழவேண்டும் போலிருந்தது.

ஜூலை 28, சனி

மாடு கன்று போடும் நிலையில் இருந்ததால் அண்ணன் கொட்டகைக்கு வரவில்லை. வில்யோவின் வண்டியில் போனேன்.

இடைவேளையில் ஹெல்வி காபிக் கோப்பையோடு மேடைப் படிக்கு வந்தாள். வானிலை பேசினாள், என் உடையைப் புகழ்ந்தாள். போகிற போக்கில், "உங்க அண்ணன் வரலையா?" என்றாள்.

"மாடு கன்னு போடுது."

"ஓ. உடம்புக்கு ஏதோன்னு நினைச்சேன்." முகம் தெளிந்தது. நான் பார்த்தேன், என் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கிடாரிக் கன்று பிறந்திருந்தது. "கேட்டாங்களா?" என்றார். "கேட்டா." "எப்படிக் கேட்டாங்க?" நடித்துக் காட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 11, சனி

இன்று, பெண்கள் ஆண்களை ஆட அழைக்கும் முறை வந்து, 'பெண்கள் அழைப்பு' விளக்கு எரிந்ததும் ஹெல்வி நேராகத் தரையைக் கடந்து வந்து அண்ணன் முன் நின்றாள். ஊரே பார்த்தது. இரண்டு டாங்கோ. என்னால் முடிந்தவரை மெதுவாகப் பாடினேன். வில்யோவும், நான் கேட்காமலே, நடுவில் வாசிக்கும் பகுதியை இழுத்துக்கொண்டே போனார்.

"என்ன பேசினே?"

"அழைச்சதுக்கு நன்றின்னேன்."

பேனாவைக் கீழே வைக்கிறேன். இனி என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 18, சனி

ஆனாலும் சும்மா இருக்க முடிந்ததா? இடைவேளையில் ஹெல்வியிடம் வாயைத் திறந்தேன். "அண்ணன் மனசுல…"

என் கையைப் பிடித்து அழுத்தினாள். "வேண்டாம் ஐலா. நீங்க சொல்லிக் கேக்கறதுக்கு இத்தனை வாரம் நான் நிக்கல. டிக்கெட் வாங்கிட்டேன். நான் ஒரு தடவை வந்து அழைச்சுட்டேன். இனி அவர்தான்."

சரியாகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமலே செத்துப்போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

நேற்று கடைசி ஆட்டம். வரிசையாகவே எழுதுகிறேன், இல்லையென்றால் எனக்கே நம்பிக்கை வராது.

இப்போதெல்லாம் சீக்கிரம் இருட்டிவிடுகிறது. கொட்டகையில் வண்ண விளக்கு போட்டிருந்தார்கள். ஏரியிலிருந்து குளிர் ஏறி வந்தது. ஹெல்வி சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டிருந்தாள். அண்ணன் கடைசிவரை அழைக்கவே இல்லை. நான் பாடிக்கொண்டே அவரை முறைத்தேன். பாட்டுப் புத்தகத்தில் மிச்சம் இருந்தது இரண்டிரண்டாக நான்கு பாட்டுதான். அப்போதுதான் சுவரை விட்டு நகர்ந்தார்.

முதல் பாட்டு ஆடினார்கள். இரண்டாவது ஆடினார்கள். பாட்டு முடிந்தது.

ஆண்கள் பெண்களைக் கொண்டுபோய் விட்டார்கள். நன்றி, நன்றி என்று இரு பக்கமும் முணுமுணுப்பு. தரை காலியானது.

அவர்கள் இருவரும் நடுவில் நின்றார்கள்.

அண்ணன் அவள் கையை விடவில்லை. கொண்டுபோய் விடவும் இல்லை. கொட்டகை முழுக்க இரண்டு சுவரிலும் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. தபால்காரர் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அண்ணன் காது சிவந்திருந்தது மேடையிலிருந்தே தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. ஏதோ சின்னதாக. ஹெல்வியும் ஏதோ சொன்னாள். பிறகு தோளிலிருந்த கம்பளிச் சட்டையை எடுத்து, பக்கத்தில் யாரும் இல்லாததால், தரையிலேயே வைத்தாள். மறுபடி கையை அவர் தோளில் வைத்தாள்.

நான் மைக்கைக் கையில் எடுத்தேன். அடுத்த பாட்டின் முதல் வார்த்தை வரவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஆனதே இல்லை. ஆண்கள் பக்கம் இரண்டு பேர் அடுத்த துணை தேடி நகர ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது அக்கார்டியன் கேட்டது. 'ரெண்டுன்னா ரெண்டுதான்' என்ற அதே மனிதர், என் சைகைக்குக் காத்திராமல், தானாக ஆரம்பித்துவிட்டார். நகர்ந்த இரண்டு பேரும் நின்றார்கள். முதல் சுற்று முழுக்க அந்தத் தரையில் அந்த ஒரு ஜோடிதான் ஆடியது. அண்ணன் நன்றாக ஆடுகிறார் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. எப்போதும் கூட்டத்துக்குள் ஒளிந்து ஆடியவர்.

இரண்டாவது சுற்றில்தான் என் குரல் வந்தது.

செப்டம்பர் 29, சனி

குளிர்காலத்துக்கு ஆட்டம் தீயணைப்புப் படை மண்டபத்துக்கு மாறிவிட்டது. தரை மோசம், எதிரொலி அதைவிட மோசம்.

போகும்போது நான் பின்சீட்டில். இருபது வருடமாக முன்சீட்டில் உட்கார்ந்து பழகியவளுக்குப் பின்னால் கால் நீட்ட இடம் போதவில்லை. மடியில் என் உடைப்பெட்டி, காலடியில் ஹெல்வி பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் கூடை. ஸ்வீடன் மகள் கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம், 'மனிதரைப் பார்க்க'.

ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஹெல்வி, அன்னிக்குக் காலித் தரையில இவர் உன்கிட்ட என்ன சொன்னார்?" மாட்டிடம் ஒத்திகை பார்த்த அந்த நீள வாக்கியம், பாதியில் நின்ற அந்த வாக்கியம், எப்படி முடிந்தது என்று தெரியவேண்டும் எனக்கு.

ஹெல்வி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சாலையைப் பார்த்தார்.

"'இன்னிக்கும் தரை நல்லாத்தான் இருக்கு. இன்னொரு பாட்டு ஆடலாமா?'ன்னார்."

"அவ்வளவுதானா? அதுக்கு நீ?"

"'ஆமா. விட்டுட்டுப் போக மனசு வரல'ன்னேன்."

 ஆப்பிள் ஒன்றை எடுத்துக் கடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்ன ஆச்சு ஐலா?"

"கண்ணுல கொசு."

"செப்டம்பர் கடைசில ஏது கொசு?" என்றார் அண்ணன். மண்டபம் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.