பேத்தியின் நட்சத்திரம்

அன்பு மகள் தனுஜாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை இன்னும் இருக்கிறது. போனில் அழைத்தால் பெர்த்தில் நீ ஓய்வெடுக்கும் நேரமாக இருக்குமோ என்று தயங்கி, இதை எழுதுகிறேன்.

உனக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைச் சந்தையில் கலாவதி அத்தை சொன்னார். உன் அம்மா அவருக்குப் படம் அனுப்பியிருந்தாராம். எங்கள் விவாகரத்துக்குப் பிறகும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது எனக்கு இதுவரை தெரியாது. மகிழ்ச்சி.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். "பேத்திக்கு" என்றேன்.

"பேத்திக்குப் பேரு இருக்கும்ல ஐயா?"

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஏதோ சொன்னேன். பின்னால் நின்ற பெண், "பேரு சொல்ல கண்ணாடி எதுக்கு தாத்தா? மகளுக்கு வாட்சாப் போடுங்க லா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரி, சாமி பேருக்கே பண்ணிடுறேன்" என்று குருக்கள் அம்மன் பெயரிலேயே அர்ச்சனையை முடித்தார். அதுவும் முறைதான். ஆனாலும் அது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

முடிந்தால் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதியனுப்பு. பெயரை என்னிடம் சொல்வதில் உன் அம்மாவுக்குச் சங்கடம் என்றால், நட்சத்திரம் மட்டும் போதும். பெயர் மறந்துவிட்டது என்று குருக்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அஞ்சலகத்தை மூடப்போகிறார்கள்.

அப்பா
கோல சிலாங்கூர்