தொண்ணூறு நாள்

என் மகளின் அம்மாவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மான்ட்ரியால் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு மாண்டரின் சீனம் படிக்க வருகிறேன் என்றபோது தொலைபேசியில் என்ன சொன்னாய்? "கனடா பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேணாம், டிக்கெட்டைப் போட்டுக் கிளம்பு." நம்பி வந்தேன்.

நேற்று குடிநுழைவு அலுவலகத்துப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "விசா இல்லாம சுத்திப் பார்க்க வந்தவரு இங்கேயே படிப்பு விசாவுக்கு மாற முடியாது சார். இந்த வாரத்தோட தொண்ணூறு நாள் முடியுது. நாட்டை விட்டு வெளியே போய் விசா எடுத்துட்டு வாங்க. யாருமே சொல்லலையா?"

சொல்ல வேண்டியவள் நீ. ஐந்து வருடமாக இதே தைபேயில் ஒரு மொழிப்பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் இதைத்தானே சொல்கிறாய்? எனக்கு மட்டும் மறந்துவிட்டதா?

நான்கு வயதில் நீ கூட்டிவந்த யூஷுவானுக்கு இப்போது ஆங்கிலமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் என் மாண்டரினைக் கேட்டு அதே மொழியில் சொல்லிச் சிரித்தாள்: "அப்பா, நீ ரோபோ மாதிரி பேசுறே!" அவளுடைய கேலி ஒன்று எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. இந்தப் படிப்பைப் பாதியில் விட்டுப் போகமாட்டேன்.

வியாழக்கிழமை ஹாங்காங் போகிறேன். அங்குள்ள விசா அலுவலகத்தில் படிப்புச் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி, சரியான விசாவோடு திரும்புவேன். என் கையெழுத்து அந்த விண்ணப்பத்துக்குத்தான். இந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.