பனி துடைக்கும் துணி

அண்ணே,

நேற்று ராத்திரி மகள் வீட்டு டீவியில் ஒருத்தன், அந்தக் காலத்து விளம்பரக்காரனைப் போலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இல்லாத சாமான் ஒன்றை விற்றுக் கேலி பண்ணினான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் குப்பிலாம்பின் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. எழுந்துபோய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். சாத்தித்தான் இருந்தது.

நீங்கள் ஆடிய கூத்துதானே அது. தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே டீவி. கடைசிக் காம்பராவில் கார் பெட்டரியில் ஓடும், பாதிப் படத்தில் பெட்டரி இறங்கிவிடும். சனம் முணுமுணுத்துக்கொண்டு எழும்பும்போது, டீவி வந்த பெட்டியின் முகத்தை வெட்டி, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு நீங்கள் ஆரம்பிப்பீர்கள். குப்பிலாம்பு கீழே இருப்பதால் உங்கள் முகம் உங்களுடையதாக இருக்காது. எனக்கு அப்போதே அது பிடிக்காது. ஆனாலும் சிரிப்பு வந்துவிடும்.

முதலில் அறிவிப்பாளர் குரல். "காணவில்லை. ஒல்லியான தேகம். இடது புருவத்தில் தழும்பு. கடைசியாக நீலக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தார்." எல்லாம் உங்கள் அடையாளம். உடனே விளம்பரக் குரல். "தேடிக் களைத்துவிட்டீர்களா? கவலையை விடுங்கள். இதோ, பனி துடைக்கும் துணி! ஒருதரம் துடைத்தால் எதிர் லயம் தெரியும். இரண்டுதரம் துடைத்தால் தலவாக்கலை ஸ்டேசன் தெரியும். மூன்றுதரம் துடைத்தால், தேடிய ஆள் முன்னால் நிற்பார்."

அம்மாவுக்கு மட்டும் ஆகாது. "வெளக்கு வச்ச நேரத்துல தன்னையே காணலன்னு சொல்லுவானா ஒருத்தன்?"

"ஆளு தொலைஞ்சாத்தாம்மா துணி விக்கும்" என்பீர்கள்.

அந்த வாய்க்குத்தான் கொழும்பில் டீவி விற்கும் கடையில் வேலை கிடைத்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. கூட வேலை செய்தவர்கள் எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார்கள். நீங்கள் வரவில்லை.

டீவியில் அறிவித்தல் கொடுக்கச் சொன்னார்கள். யாராவது பார்த்துச் சொன்னால் போதும் என்று அம்மா கும்பிட்டுக்கொண்டே இருந்தார். பேனாவைப் பிடித்தால் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை, அண்ணே. நீங்கள் சொல்லி வைத்ததையே எழுதினேன்.

அது வாசிக்கப்பட்ட அன்று காம்பரா நிறைந்திருந்தது. "இடது புருவத்தில் தழும்பு" என்றதும் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். நானும்தான். துக்கம் இல்லாமல் அல்ல, அந்த வார்த்தைகளுக்குச் சிரித்தே பழகிவிட்டோம். நீலக் கம்பளிச் சட்டை முடிந்ததும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து பெட்டரி இறங்கியது. வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

இருட்டில், வாசல் பக்கமிருந்து, "கவலையை விடுங்கள்" என்று கேட்டது.

"யாருடா அது?" என்றார் டீவிக்கார மாமா. அம்மா குப்பிலாம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பனிக்குள் அந்த வெளிச்சம் மட்டும் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. திரும்பி வந்து, "நனைஞ்ச கம்பளி வாசம் அடிச்சிச்சு" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை எங்களைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடவில்லை.

நான் போடுகிறேன். ஆனால் பனி இறங்கும் சாயங்காலங்களில் ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைப்பேன். ஒருதரம் துடைத்தால் ரோடு தெரியும். இரண்டாம் தரம், எதிர் மலை. அதோடு கையை எடுத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் மூன்றாம் தரம் துடைத்ததே இல்லை. நீங்கள் நிற்கமாட்டீர்கள் என்று பயம். நின்றுவிடுவீர்கள் என்றும் பயம், அண்ணே.