இரண்டாவது சரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே போடுறீங்க? நான் நல்லா இருக்கேன். சாப்பிடுறேன், தூங்குறேன், துணிக்கடை வேலைக்குப் போறேன். அம்மா போனதிலிருந்து அழுகைகூட வரலை. அதனால என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு காபிக் கடையில கிடார் வாசிக்கிறேன்னு சொன்னேன் இல்லையா? எப்பவும் கடைக்காரம்மா சொல்ற பாட்டுங்கதான். போன வாரம், "இன்னிக்கு உனக்குப் பிடிச்சதா வாசிம்மா"ன்னுட்டாங்க. எனக்குப் பிடிச்சது எதுன்னே தெரியலைப்பா. அப்புறம் துணி காயப்போடும்போது அம்மா பாடுற பாட்டுக்குக் கை தானா போயிடுச்சு. பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது. அதுக்கு மேல தெரியாம நிறுத்திட்டேன். பாட்டே அவ்வளவுதான்னு நினைச்சு எல்லாரும் கைதட்டினாங்க. "அடுத்த வாரமும் இதையே வாசி"ன்னாங்க கடைக்காரம்மா.

அம்மாவே இட்டுக்கட்டின பாட்டு, எங்க தேடினாலும் கிடைக்காது. உங்களுக்கு மீதி தெரிஞ்சிருக்கும். பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு அம்மா பின்னாடியே நின்னது நீங்கதானே? போன்ல பாடி அனுப்புங்க. "எனக்குப் பாட வராது"ன்னு தப்பிக்காதீங்க. சுருதியை நான் பார்த்துக்கிறேன். நடுவுல இருமல் வந்தா வரட்டும், அதுக்காக அழிச்சிட்டு மறுபடி பாட வேண்டாம். அப்படியே அனுப்புங்க.

அப்புறம், இப்பல்லாம் துணியை யாருப்பா காயப்போடுறா?

வேலைக்கு நேரமாச்சு, கிளம்புறேன்.

உங்க பொண்ணு