வெள்ளைக் கோடு இல்லாத போல்ட்

தம்பிக்கு,

என் வலது மணிக்கட்டை உடைத்தவன் நீ. இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் அக்கா வழுக்கி விழுந்தாள் என்று கதை கட்டக் கூடாது. இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருந்தாலும் எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படி. நீ நலமா என்று கேட்க மாட்டேன். புருவத்தில் தையல் என்று உன் ஊருக்கும் இங்கேயும் ஓடும் பார்சல் வேன் டிரைவர் சொன்னார். டயர் நெம்பும் இரும்பு லீவரால் அடித்தது நான்தான். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதற்காக நான் அழுவேன் என்று காத்திருக்காதே.

நடந்ததை உன் மனைவியிடம் எப்படிச் சொன்னாயோ. அவளும் இதைப் படிக்கட்டும். மலை வளைவில் வண்டி அலைகிறது, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது என்று அந்த டர்போ வண்டியை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தியவன் நீதான். முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மைக் கழற்றினேன். அதன் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் நாய் கடித்த செருப்பு மாதிரி தொங்கியது. புதிது போட்டுச் சக்கரத்தையும் மாட்டின நேரத்தில்தான் உன் வாயிலிருந்து வந்தது: எவனிடமோ கொடுத்து டர்போவின் அழுத்தத்தை ஏற்றியிருக்கிறாய். பிரேக் தேய்ந்திருக்கிறது, ஆயில் தார் மாதிரி இருக்கிறது, அதற்கு மேல் கூடுதல் வேகம். நொண்டிக் குதிரைக்குச் சாட்டையடி!

"முதல்ல நிக்கக் கத்துக்கடா, அப்புறம் பறக்கலாம்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "பழைய இரும்பு பொறுக்கிப் படிச்சவளுக்கு டர்போ பத்தி என்ன தெரியும், நட்டை முறுக்கிட்டு வாயை மூடு" என்றாய். மலை ஏறி வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காதே, சற்று நேரம் சும்மா ஓடவிடு, இல்லாவிட்டால் டர்போவுக்குள் ஆயில் தீய்ந்து கரியாகும் என்று உனக்குச் சொன்னது யார்? இந்த இரும்பு பொறுக்கிதான்.

வாயை மூட எனக்குப் பழக்கமில்லை. அழுத்தத்தைக் குறைக்காமல் வண்டி நகராது என்று சாவியை இடுப்பில் செருகினேன். நீ என் கையைப் பிடித்து முறுக்கினாய். நான் விடவில்லை. முழங்கையால் மூக்கில் இடித்து என்னை மேஜைமேல் தள்ளினாய். மேஜையில் பூட்டியிருந்த வைஸின் இரும்பில் என் எலும்பு முறிந்த சத்தம் உனக்கும் கேட்டது, உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அப்புறம்தான் லீவரை எடுத்தேன். தரையில் கிடந்தது யார் ரத்தம் என்று என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. மரத்தூளைக் கொட்டிப் பெருக்கிவிட்டார். நீ என் போனைப் பழைய ஆயில் டிரம்மில் எறிந்தாய், சாவியைப் பிடுங்கினாய், ஜாக்கை இறக்கினாய், ரத்தம் வழிகிற கண்ணோடு ஓட்டிக்கொண்டு போனாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது புஷ் போட்டால் வண்டி தூக்கி நிற்கும்போது போல்ட்டை இறுக்கக் கூடாது. கீழே இறக்கி, சக்கரத்தில் எடை விழுந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். அதனால் ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் கையால் மட்டும் திருகி வைத்திருந்தேன். இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுப்பேன், அது உனக்குத் தெரியும். இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கிறேன், பெயின்ட் பாட்டிலின் மூடியைத் திறக்கவே இல்லை. ஒரு போல்ட்டையும் இறுக்காமல்தான் வண்டி போயிருக்கிறது.

பார்வைக்கு எல்லாம் பூட்டின மாதிரிதான் இருக்கும். வழியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டிருக்கும், நீ பாட்டைச் சத்தமாக வைத்திருப்பாய். நட்டு கழன்றால் வளைவில் நீ ஒரு பக்கம் திருப்புவாய், சக்கரம் ஒரு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மலைக்குப் போகிறாயாமே. என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. டிரைவர் அவர் போனில் சொன்னதற்கு, "வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது, இதெல்லாம் அக்கா போடுற நாடகம்" என்று சிரித்தாயாம். சிரி. ஆனால் குனிந்து பார்த்துவிட்டுச் சிரி.

இனி ஆக வேண்டியது. டிரைவர் இதை உன் கையில் தருவார். நீ படிக்காமல் கிழித்தால் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். சாவியை உன் மனைவி தன் இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். அவள் கையையும் முறுக்குவாயா என்று பார்க்கிறேன். நீ முன் சக்கரங்களுக்குப் பின்னால் டார்ச் அடித்து வெள்ளைக் கோட்டைத் தேடு. கோடு இருந்தால் நான் பொய்க்காரி. இல்லாவிட்டால் வண்டியை ஓட்டாதே. அங்கேயே ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழை. சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதே அவன் இறுக்கட்டும், கோட்டையும் அவனே போடட்டும். ஏற்றிய அழுத்தத்தை ஏற்றியவனிடமே போய்க் குறைக்க வேண்டியது நீ. டிரம்மில் கிடக்கும் போனை என் வீட்டுக்காரர் துழாவி எடுப்பார்.

அப்புறம் பஸ் ஏறி இங்கே வா. என் கைக்கட்டுப் பிரித்ததும் உன் கன்னத்தில் ஓர் அறை பாக்கி இருக்கிறது. அதைக் கொடுக்க வேண்டியது நான். அதுவரை மலையோ வளைவோ வேறு எதுவுமோ உன்மேல் கை வைக்கக் கூடாது.

உன் அக்கா