சிரித்தால் தெரிகிற பல்

மார்ச் 3
இன்றும் முன்பல் புதுசுக்கு, கடைவாய்ப்பல் எனக்கு. இந்த லேபில் செயற்கைப் பல் செய்தே என் பாதி வயது போயிருக்கிறது. நேற்று வந்த பெண்ணுக்கு, சிரித்தால் தெரிகிற பல்லெல்லாம்! அச்சை அவள் மேசையில் வைத்துவிட்டு முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? உன் கண் போச்சு, கிளம்பு.

மார்ச் 5
எனக்குத் தூக்கமில்லையென்று என் வீட்டுக்காரர் பிடித்துத் தள்ளியதால் மனநல ஆலோசகரிடம் போனேன். “கிளம்புன்னு அவர் சொன்னாரா, நீங்களா சொல்லிக்கிட்டீங்களா?” என்றார் அந்த அம்மா. அடுத்தவர் மனசைப் படித்துவிட்டதாக நம்புவதும் ஒரு பழக்கமாம். நடந்ததைத் தனியாக, நானாகச் சேர்த்ததைத் தனியாக எழுத வேண்டுமாம்.

மார்ச் 6
நடந்தது: புதுசும் முதலாளியும் சிரித்தார்கள்.
சேர்த்தது: என்னைப் பற்றித்தான்.
சேர்த்ததாவது! அதுதான் உண்மை.

மார்ச் 10
வயிறு எரிகிறது. அவள் செய்த பல்லை முதலாளி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சுகிறார்.
புதுசு பல்லின் நிறத்தை டியூப்லைட்டிலேயே பார்க்கிறாள். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜன்னல் என் பக்கம். சொல்லவில்லை. நான் ஏன் சொல்லணும்? அவதான் பெரிய கெட்டிக்காரியாச்சே.

மார்ச் 13
டாக்டர் அந்தப் பல்லைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்துப் பல்லைவிட மஞ்சளாம். எனக்குள் ஒரு துள்ளல் — வெட்கக்கேடு, ஆனால் துள்ளல்தான்.
சாயங்காலம் புதுசு கைகழுவும் இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். “ஜன்னல்கிட்ட வச்சுப் பாக்கணும்னு தெரியும்க்கா. என்னைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறீங்க. எழுந்து போன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் வரல.”
நான் எப்போதடி அப்படிச் சொன்னேன்?

மார்ச் 14
முதலாளியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். “முன்பல்லெல்லாம் அவளுக்கே குடுக்கறீங்களே, என்னைக் கிளம்பச் சொல்றீங்களா?”
“நேத்து ஒண்ணு திரும்பி வந்தாலும், நிறம் அந்தப் பொண்ணுக்கு நல்லா வருதும்மா. ஆனா நீங்க செய்யற கடைவாய்ப்பல் கடிக்கும்போது இடிக்குதுன்னு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. உங்களை விட்டுட்டு நான் என்ன செய்ய?”
நடந்தது: நிறத்தில் அவள் கை என் கையைவிட நல்ல கை. சுடுகிறது.
சேர்த்தது: கிளம்பு.

மார்ச் 17
ஜன்னலடியில் இரண்டு முக்காலி போட்டாயிற்று. முழங்கை இடிக்கிறது. மறுபடி செய்த பல்லை வெளிச்சத்தில் நீட்டி, “சரியாக்கா?” என்றாள். என்னால் அப்படி நிறம் கொண்டுவர முடியாது. வயிறு கொஞ்சம் எரிந்தது.
“சரியா இருக்கு, அனுப்பு” என்றேன்.