எல்லாக் கதவிலும் எல்லாப் பெயரும்

அண்ணை,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் இன்று தபாலில் வந்தது. தாளில் மை மணம் இன்னும் போகவில்லை. நாலாம் பக்கத்தில், எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குத் தேர்வுப் பட்டியல் எடுக்கும் கணினி நிரலை எழுதித் தந்தவர் நீங்கள் என்று போட்டிருக்கிறார்கள். செத்த பிறகும் நீங்கள் விடவில்லை. நானும் விடுவதாக இல்லை.

அந்த நிரலை எழுதியது நான். பகலில் சுவிஸ் லோசானில் ஆஸ்பத்திரித் தரை துடைத்தேன், பின்னேரங்களில் நிரல் எழுதும் சி மொழியைப் பிரெஞ்சில் படித்தேன். பிள்ளைகளின் பெயர்களை முதல் எழுத்துப்படி பிரித்து, எழுத்துக்கு ஒரு பட்டியல் எடுத்து, அந்தந்த அறைக் கதவில் ஒட்டவேண்டும். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டாக, அதாவது மூன்று எண்ணாகக் கிடக்கும். அகரமோ வகரமோ, முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதனால் மூன்றையும் ஒப்பிடும்படி எழுதியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

நீங்கள் கொம்பனியில் பெரிய எஞ்சினியர், பள்ளிக்கும் பொறுப்பாளர். நிரலை வாங்கி, மேலே இருந்த என் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டீர்கள். ஏன் என்று கூட்டத்தில் கேட்டேன்.

"துடைக்கிற கைக்கு சி எதுக்குத் தங்கச்சி?" என்றீர்கள்.

தாய்மார் சிரித்தார்கள். என் மகள் பக்கத்தில் இருந்தாள். அவள் தலையைக் குனிந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. நீங்கள் அதோடும் நிற்கவில்லை. முதல் எழுத்துப் பார்க்க முதல் பைட் போதுமே என்று என் வரியை வெட்டிச் சுருக்கினீர்கள். ஆங்கிலப் பெயர் நாலைந்தைப் போட்டுக் காட்டினீர்கள்; ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான், சரியாக வந்தது. பிழை எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

தேர்வு நாள் காலை, அச்சடித்ததை வாசித்தும் பாராமல் அவசரமாக ஒட்டினீர்கள். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றல்லவா, எல்லாக் கதவிலும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருந்தன. தாய் தகப்பன்மார் கதவுக்குக் கதவு ஓடினார்கள். நீங்கள் வியர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தீர்கள்.

"தங்கச்சி, ஒருக்கா இதைப் பாருமன்."

"துடைக்கிற கை அண்ணை. எனக்கு என்னெண்டு தெரியும்?"

இரண்டு நிமிட வேலை அது. நான் செய்யவில்லை. தேர்வு ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. அதற்குப் பிறகு நீங்கள் பள்ளிப் பக்கமே வரவில்லை. நான் அன்று வயிறாரச் சாப்பிட்டேன். வாசலில் நின்று அழுத சின்னப் பிள்ளைகளை நினைத்தால் மட்டும் சங்கடமாக இருக்கிறது. உங்களை நினைத்து ஒரு துளியும் இல்லை.

இப்போது எனக்கு நிரல் எழுதுவதுதான் வேலை. பக்கத்து மேசையில் யாராவது பிழையாக ஒரு வரி எழுதினால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் உடனே சொல்ல வாய் வருவதில்லை. முதலில் ஆளின் முகத்தைப் பார்க்கிறேன். உங்களைப் போன்ற ஆள் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் சொல்கிறேன்.

போன கிழமை ஒருவரின் வரியில் பிழையைக் கண்டும், அவரிடம் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.